கத்தி காத்திருக்கலாம்

பிறந்த குழந்தை ஆணா, பெண்ணா என்று உடனே சொல்ல முடியாதபோது முடிவெடுப்பது யார்? கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் பதில் சொல்லிவிட்டன. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பெற்றோர் நீதிமன்றத்திடம் கேட்டது ஒரே ஒரு அனுமதி. அவர்களுடைய 7 வயதுக் குழந்தையின் பிறப்புறுப்பு ஆணுக்குரியதா, பெண்ணுக்குரியதா என்று தெளிவாகச் சொல்ல முடியாதபடி அமைந்திருந்தது. குரோமோசோம் பரிசோதனையின் முடிவு 46 எக்ஸ்எக்ஸ், அதாவது பெண்ணுக்குரியது. அறுவைச் சிகிச்சை மூலம் உறுப்பைச் சீரமைத்துப் பெண்ணாகவே வளர்க்க அவர்கள் விரும்பினார்கள். ஆனால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கத்தியை எடுக்க எந்த டாக்டரும் தயாராக இல்லை.

2023 ஆகஸ்ட் 7 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஜி. அருண் தீர்ப்பளித்தார். அனுமதி கிடைக்கவில்லை. தன் சம்மதத்தைச் சொல்ல இயலாத குழந்தையின் உடலில் இப்படியொரு அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி அளிப்பது அதன் கண்ணியத்திலும் அந்தரங்கத்திலும் தலையிடுவதாகும் என்றது தீர்ப்பு. குரோமோசோம் பெண் என்று சொன்னாலும், வளர்ந்தபின் அந்தக் குழந்தை தன்னை ஆணாக உணர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அதில் இருந்தது.

தீர்ப்பு மறுப்போடு நிற்கவில்லை. குழந்தைகள் நல மருத்துவர் அல்லது குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணர், குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர், குழந்தைகள் மனநல நிபுணர் ஆகியோரைக் கொண்ட மாநில அளவிலான குழுவை 2 மாதங்களுக்குள் அமைக்க வேண்டும். அந்தக் குழு இந்தக் குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று குழு கருதினால் மட்டுமே அறுவைச் சிகிச்சை. இத்தகைய சிகிச்சைகளை முறைப்படுத்தும் விதிகளை 3 மாதங்களுக்குள் வெளியிடவும், அதுவரை எந்தக் குழந்தைக்கும் குழுவின் கருத்து இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது என்றும் அரசுக்கு உத்தரவிடப்பட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் இதே பதில் 4 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு உண்மையில் ஒரு திருமண வழக்கு பற்றியது. தூத்துக்குடியில் ஆண் ஒருவருக்கும் திருநங்கை ஒருவருக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்ததால் எழுந்த வழக்கு அது. திருமணம் செல்லும் என்ற நீதிபதி, இடைப்பாலினக் குழந்தைகளின் நிலையையும் எடுத்துக்கொண்டார். மதுரையைச் சேர்ந்த இடைப்பாலின உரிமைச் செயல்பாட்டாளர் கோபி ஷங்கரின் பணியைக் குறிப்பிட்ட அவர், பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கருத முடியாது என்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று தமிழக சுகாதாரத் துறை அரசாணை எண் 355-ஐ வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இடைப்பாலினச் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்யத் தடை. நாட்டிலேயே இப்படித் தடை விதித்த முதல் மாநிலம் தமிழகம்தான்.

ஆக, வாளையாறு சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் போனாலும், போடிமெட்டு வழியாக இறங்கினாலும் ஏறினாலும், சட்டம் சொல்வது ஒன்றுதான்: பொறுங்கள். ஆனால் எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்பதைத் தீர்ப்பு மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த வேறுபாடு புரியாவிட்டால் குழந்தையின் உயிரே போகலாம்.

சாபம் அல்ல, சுரப்பி

இடைப்பாலினம் என்பது ஒரு நோயின் பெயரல்ல. குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு ஆகியவை எல்லாம் ஒரே திசையைக் காட்டாத பல நிலைகளுக்கான பொதுப்பெயர். ஆங்கிலத்தில் இன்டர்செக்ஸ் என்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்பவை ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதைப் பற்றியவை. இது உடலின் பிறவி அமைப்பைப் பற்றியது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் இரு பிரிவினரையும் ஒரே வரையறைக்குள் சேர்த்தது குழப்பத்தைக் கூட்டியது. இடைப்பாலினத்தவரில் பலரும் சாதாரண ஆணாகவோ பெண்ணாகவோ வாழ்ந்து முடிப்பவர்கள்.

பிறப்புறுப்பு அமைப்பில் குறிப்பிடத்தக்க மாறுபாடு சுமார் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதாக 2006-இல் வெளியான சர்வதேச மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கை மதிப்பிட்டது. பெண் குரோமோசோம் கொண்ட குழந்தைகளில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம், கேரள வழக்கில் இருந்த அதே நிலைதான்: கன்ஜெனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளாசியா. சுருக்கமாக சி.ஏ.எச்.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. அதற்குத் தேவையான ஒரு என்சைம் பிறவியிலேயே குறைந்துவிட்டால், கார்ட்டிசாலுக்கான மூலப்பொருள் திசைமாறி ஆண் ஹார்மோனாகிறது. கருவில் இருப்பது பெண் குழந்தையானால் கர்ப்பப்பையும் சினைப்பையும் இயல்பாகவே வளரும். வெளியுறுப்பு மட்டும் ஆண்குறியை நினைவூட்டும் அளவுக்குப் பெரிதாகலாம்.

குறையுள்ள மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேரும்போதுதான் இது வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிசுக்களைப் பரிசோதித்தது. மொத்தத்தில் 5,762-க்கு ஒரு குழந்தைக்கு சி.ஏ.எச். இருந்தது. சென்னையில் மட்டும் 2,036-க்கு ஒன்று. எல்லை தாண்டி மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளிலும் சித்தூர் தாலுகா கிராமங்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனவர்கள்தான்.

இரண்டாவது வாரம்

சி.ஏ.எச். குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு இன்னொரு ஹார்மோனும் சுரக்காது. உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன் அது. பிறந்த ஓரிரு வாரங்களில் உப்பு சிறுநீரோடு வெளியேறத் தொடங்கும். குழந்தை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், துவண்டு போகும், எடை குறையும். வயிற்றுப்போக்கு, கிருமித் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போய்விடலாம்.

இங்கே ஒரு விசித்திரம். பெண் சிசுவின் மாறுபட்ட உறுப்பு அதன் உயிரைக் காக்கும் எச்சரிக்கை மணி. பார்த்தவுடன் டாக்டர் சந்தேகப்படுவார், ரத்தம் எடுப்பார். இதே குறையோடு பிறக்கும் ஆண் சிசுவின் உறுப்பில் வித்தியாசம் தெரியாது. 'நல்ல ஆண்பிள்ளை' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் அந்தக் குழந்தைதான் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காரணம் தெரியாமலே இறந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது. எந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு சி.ஏ.எச். உறுதியாகிறதோ, அங்கே அடுத்த குழந்தையை, அது ஆணே ஆனாலும், பிறந்தவுடன் சோதிக்க வேண்டும்.

கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் சிசுவின் குதிகாலில் சில துளி ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைத் திட்டத்தில் சி.ஏ.எச். சேர்க்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய முடிவு அது. சிகிச்சையும் எட்டாத ஒன்றல்ல. தினம் 3 வேளை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, உப்பு இழக்கும் குழந்தைக்கு ஃப்ளுட்ரோகார்ட்டிசோன், கைக்குழந்தைப் பருவத்தில் பாலோடு அளந்து கொடுக்கும் உப்பு. காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. வாழ்நாள் முழுவதும் நிறுத்தக் கூடாது. இதைச் சரியாகச் செய்தால் குழந்தை பள்ளிக்குப் போகும், ஓடியாடும், பெரியவளாகி வேலைக்குப் போகும். மருந்து ஒழுங்காக இருந்தால் ஆண் ஹார்மோனும் அடங்கும். உடல் மேலும் மாறுவது நிற்கும்.

சிக்கல் பூகோளத்தில் இருக்கிறது. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கும் மேல். போடிமெட்டில் இறங்கினால் தேனி அதைவிடப் பக்கம். அட்டப்பாடியில் கோட்டத்துறை பழங்குடியினர் மருத்துவமனையைத் தாண்டினால், மலையிறங்கி திருச்சூர் போக வேண்டும் அல்லது ஆனைகட்டி வழியாகக் கோவை போக வேண்டும். பாஷை புரியும் என்பதற்காகவே பல தமிழ்க் குடும்பங்கள் கோவையையும் தேனியையும் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் ரேஷன் கார்டு கேரளத்தினுடையது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதற்குப் பொருந்தாது. பாதிப் பரிசோதனை ஒரு மாநிலத்தில், மீதி இன்னொன்றில் என்று பிரியும்போது பழைய சீட்டுகளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்து எடுத்துச் செல்வதே பாதி சிகிச்சை. இந்த மாத்திரைகள் சிற்றூர் மருந்துக் கடையில் எப்போதும் இருப்பவை அல்ல. மண்சரிவில் மலைப்பாதை அடைபடும் மழைக்காலத்துக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும்.

உயிருக்கு அவசரம் எது என்றால் இதுதான். உறுப்பின் வடிவம் அல்ல.

பால்டிமோரில் பிறந்த அவசரம்

வடிவத்தை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியது 1950-களில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் மனி, குழந்தை தன்னை ஆண் அல்லது பெண் என உணர்வது பெரும்பாலும் வளர்ப்பில்தான் இருக்கிறது என்றார். எனவே சீக்கிரமே ஒரு பாலை ஒதுக்கி, அதற்கேற்ப உடலைத் திருத்தி, சந்தேகத்துக்கு இடமின்றி வளர்த்தால் போதும் என்பது அவர் வாதம். உலகமெங்கும் டாக்டர்கள் இதைப் பின்பற்றினார்கள்.

அவர் தன் வாதத்துக்குச் சாட்சியாகக் காட்டியது கனடாவில் 1965-இல் பிறந்த ஒரு குழந்தையை. டேவிட் ரைமர் இடைப்பாலினக் குழந்தை அல்ல. இரட்டையரில் ஒருவராகப் பிறந்த ஆண். சுன்னத்தின்போது நேர்ந்த விபத்தில் உறுப்பை இழந்ததால் பெண்ணாக வளர்க்கப்பட்டார். பரிசோதனை வெற்றி என்று பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பதின்பருவத்தில் உண்மை தெரியவந்ததும் அவர் ஆணாகவே வாழத் தொடங்கிவிட்டார் என்பது 1997-இல்தான் மருத்துவ இதழில் வெளியானது. 2004-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அதற்குள் சிறுவயதில் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான இடைப்பாலினத்தவரே பேசத் தொடங்கியிருந்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. உணர்ச்சி இழந்த உறுப்புகள், திரும்பத் திரும்பச் செய்யப்பட்ட அறுவைகள், மறைக்கப்பட்ட மருத்துவக் கோப்புகள் என்று அவர்களின் புகார்கள் குவிந்தன. 2015 ஏப்ரலில் ஐரோப்பாவின் சின்னஞ்சிறு தீவு நாடான மால்டா, இத்தகைய அறுவைகளைச் சட்டப்படி தடை செய்தது. மதுரைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது அந்தச் சட்டத்தைத்தான்.

காத்திருப்பதில் என்ன லாபம் என்பதற்கு டொமினிகன் குடியரசின் ஒரு கிராமம் சாட்சி. அங்கே பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்ட குழந்தைகள் சிலர் 12 வயதையொட்டிக் குரல் உடைந்து, தசை திரண்டு, ஆண்களாக மாறினார்கள். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற என்சைம் குறைவுதான் காரணம் என்று 1974-இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஊரார் அதை ஏற்றுக்கொண்டு, பிள்ளைகளை ஆண்களாகவே வாழவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே யாராவது 'பெண்ணாகத் திருத்தி' இருந்தால் அவர்கள் நிலை என்ன?

ஐந்து பேரில் யார்?

எல்லா டாக்டர்களும் தடையை ஏற்கவில்லை. சி.ஏ.எச். உள்ள பெண் குழந்தைகளை மற்ற நிலைகளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று வாதிடும் நிபுணர்கள் உண்டு. அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. பெண்ணாக வளர்க்கப்பட்ட சி.ஏ.எச். உள்ள 250 பேரைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஆய்வில், 94.8 சதவீதம் பேர் பின்னாளிலும் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்தார்கள். சிறுவயதில் திசுக்கள் இளகியிருப்பதால் அறுவை எளிது, குழந்தைக்கு நினைவிருக்காது, பெற்றோரின் மனச்சுமை குறையும் என்பவை மற்ற வாதங்கள். லயத்து வாசலில் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டிக்கும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவே எந்த ரகசியமும் தங்காது என்பதை அறிந்த தாய்க்கு இந்த வாதங்கள் எத்தனை ஆறுதல் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்து படித்தால், நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பெண் என்ற அடையாளம் பொருந்தவில்லை. அந்த ஐந்தில் ஒன்று தன் குழந்தையா என்பதை 2 வயதில் எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. மீதி 95 பேருக்கும் கேள்வி முடிந்துவிடவில்லை. பெண்ணாகவே உணர்பவளுக்கும் தழும்பும் உணர்ச்சியிழப்பும் இழப்புதான். வளர்ந்தபின் வேண்டும் என்றால் அவளே கேட்டுச் செய்துகொள்ளலாம். செய்ததைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

தடை என்றால் எந்த அறுவையும் கூடாது என்பதல்ல. சிறுநீர் வெளியேற வழியில்லாத குழந்தைக்கு வழி அமைப்பது உயிர் காக்கும் வேலை. புற்றுநோயாக மாறக்கூடிய, சரியாக வளராத சுரப்பியை அகற்றுவதும் அப்படித்தான். அதிலும் நிதானம் தேவை. ஆண் குரோமோசோம் இருந்தும் உடல் ஆண் ஹார்மோனுக்குச் சற்றும் இசையாததால் முழுக்கப் பெண் தோற்றத்தோடு வளரும் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் விரை இருக்கும். குடலிறக்க அறுவையின்போது தற்செயலாகக் கண்டு, உடனே எடுத்துவிடுவது பழைய வழக்கம். பூப்பெய்தும் வயதுக்கு முன் புற்று அபாயம் மிகக் குறைவு. உள்ளிருக்கும் சுரப்பியின் உதவியால் உடல் தானே பெண்ணாக மலரும் என்பதால் இப்போது பல மருத்துவமனைகள் காத்திருக்கின்றன.

ஒரு கட்டம், இரண்டு மொழி

கத்தி காத்திருக்கும். படிவம் காத்திருக்குமா? பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். பெயரைப் பின்னர் சேர்க்கலாம். 15 ஆண்டு வரைகூட அவகாசம் உண்டு. பாலினத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பிரசவ வார்டிலேயே யாரோ ஒருவர் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். அதிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை என்று எல்லாம் கிளைவிடுகின்றன. பதிவில் தவறு இருந்தால் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு என்பதைப் பெற்றோருக்கு முதல் நாளே யாராவது சொன்னால் பாதி பயம் போய்விடும்.

வளர்ப்புக்கென ஒரு பாலைத் தேர்ந்தெடுப்பது வேறு, அதற்காக உடலை வெட்டுவது வேறு. பரிசோதனைகளைப் பார்த்து, பெரும்பாலும் பெண்ணாகத்தான் வளரும் என்று டாக்டர்கள் கருதினால் பெண் பெயர் வைத்து, பாவாடை கட்டி, பெண்ணாக வளர்க்கலாம். நாளை அந்தப் பிள்ளை வேறு சொன்னால் பெயரை மாற்றலாம். உடுப்பை மாற்றலாம். இரு நீதிமன்றங்களும் தடுத்தது, மாற்ற முடியாததைத்தான்.

மொழிகூட இதற்கு இடம் தருகிறது. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றே பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். மலையாளத்தில் 'வந்நு' என்றால் அவன் வந்தாலும் அவள் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் தமிழிலும் ஒரு கருணை உண்டு: குழந்தை 'சிரிக்கிறது', 'அழுகிறது', 'தூங்குகிறது'. ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரு பிள்ளையைக் கொஞ்சுவதற்குத் தமிழர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

மறைப்பதன் விலை

முடிவைத் தள்ளிப்போடுவது, பேச்சைத் தள்ளிப்போடுவதாகிவிடக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜனுக்கு நடந்தது ஊரறிந்த கதை. பெண்ணாகவே பிறந்து வளர்ந்த அவர், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையில் தோற்றதாகச் சொல்லிப் பதக்கம் பறிக்கப்பட்டது. தன் உடலைப் பற்றித் தானே அறிந்துகொள்ளும் முன் ஊரும் உலகமும் அதைச் செய்தியாகப் படித்தன. அரவணைத்துச் சொல்ல ஆளில்லாமல், மைதானத்தில் முதன்முதலாகக் கேள்விப்படுவது எவ்வளவு கொடுமை என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

குழந்தையின் வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே இன்று நிபுணர்கள் தரும் அறிவுரை. மாத்திரை எதற்கு என்பதில் தொடங்கலாம். ஆனால் அதைச் சொல்லத் தாய்க்குச் சொற்கள் வேண்டும். தமிழக அரசாணை அமைக்கச் சொன்ன குழுவில் சமூகப் பணியாளர், உளவியலாளர் அல்லது இடைப்பாலினச் செயல்பாட்டாளர் ஒருவருக்கும் இடம் உண்டு. கேரளத் தீர்ப்பு குழந்தைகள் மனநல நிபுணரைச் சேர்க்கச் சொன்னது. குழு மாநில அளவிலானது. குழந்தை மாங்குளத்திலோ மறையூரிலோ அகளியிலோ இருக்கிறது. இடைவெளியை நிரப்பக்கூடியவர் வீட்டுக்கு வரும் ஆஷா ஊழியர்தான். குதிகால் பரிசோதனை முடிவைக் கேட்கவும், துவளும் குழந்தையைக் கண்டால் அன்றே வண்டி ஏற்றவும், தமிழிலேயே பேசி 'இது உங்கள் தப்பில்லை' என்று சொல்லவும் அவருக்குப் பயிற்சி கிடைத்தால், தீர்ப்பு மலை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்று கோபி ஷங்கர் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டெல்லியில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-லேயே தடையைப் பரிந்துரைத்தது. சட்டம் மெதுவாக நகரும், அதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தாய் பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும்போது அவள் கையில் இருக்க வேண்டியவை தீர்ப்பின் நகல் அல்ல. ரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரைச் சீட்டு, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண். இவை மூன்றும் இருந்தால் மற்ற கேள்விகளுக்கான பதிலை அந்தக் குழந்தையே வளர்ந்து சொல்லும்.